ஸ்ட்ரிப்பா, ட்ரேயா, டாக்டர் நாற்காலியா: ஒரு டீக்காரனின் பல் கணக்கு

ஒரு தை மாதக் கல்யாணத்துக்காக எங்கள் வீட்டில் மூன்று பேர் பல்லை வெள்ளையாக்கக் கிளம்பினோம். மூன்று பேருக்கும் மூன்று வேறு பதில் கிடைத்தது. இந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்தவன் நான்தான், அதுவும் அதற்கு முந்தைய வருஷ மார்கழியிலேயே.

எனக்கு வேலை குன்னூரில், தேயிலை ருசி பார்க்கிற அறையில். சாம்பிள் வந்து குவிகிற நாட்களில் வரிசையாக வைத்த கோப்பைகளில் இருந்து கரண்டி கரண்டியாக உறிஞ்சி, வாய் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி, துப்ப வேண்டும். நூறு, நூற்றைம்பது கோப்பை என்பது சாதாரணம். அத்தனையும் பால் சேர்க்காத கெட்டி டிக்காஷன். விழுங்குவதில்லை, அதனால் தூக்கம் கெடவில்லை. பல்தான் மாட்டிக்கொண்டது. பதினோரு வருஷத்தில் முன்பல் எல்லாம் பழைய பித்தளைச் சொம்பு நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டு பல்லுக்கு நடுவில் பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு கறுப்பு வேறு.

போனில் விளம்பரம் வந்தது, பதினாலு நாளில் பளிச் என்று. வாங்கினேன்.

ஸ்ட்ரிப் என்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் நாடா, அதன் ஒரு பக்கத்தில் பிசுபிசுவென்று ஒரு ஜெல், ஜெல்லுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு. 2001ல் அமெரிக்காவில் கிரெஸ்ட் நிறுவனம் கடையில் கொண்டுவந்து வைத்த சமாசாரம், அதைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். பல்லைத் துடைத்து ஒட்டிக்கொண்டு, பொதுவாக அரை மணி நேரம் வாயை மூடி உட்கார வேண்டும். இப்படி இரண்டு வாரம். பெராக்சைடு பல்லைச் சுரண்டுவதில்லை. பல்லின் மேலோடான எனாமல் வழியாக உள்ளே ஊறிப்போய், அங்கே நிறம் கொடுக்கிற பெரிய மூலக்கூறுகளை உடைத்துச் சின்னதாக்குகிறது. அவை சின்னதானால் நிறம் வெளுக்கும். பழைய வேட்டியில் சாயம் போகிற அதே கதைதான்.

நான் செய்த தப்புகளை முதலில் சொல்லிவிடுகிறேன், ஒப்பீட்டின் பாதி அதிலேயே இருக்கிறது. முதல் தப்பு, பல்லில் இருந்த காரையைச் சுத்தம் செய்யாமலே அதன் மேல் ஸ்ட்ரிப்பை ஒட்டியது. காரை என்பது எச்சிலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து பல் மேல் படிந்து கல்லாகிப் போவது, பெராக்சைடு அதைத் தாண்டி உள்ளே போகாது. பத்து நாள் கழித்துக் கண்ணாடியில் பார்த்தால் பல்லின் நடுப்பகுதி மட்டும் வெளுத்து, ஈறோரம் பழைய நிறத்திலேயே இருந்தது. வெள்ளையடித்த சுவரில் கீழே சாணி மெழுகின மாதிரி. இரண்டாவது, பல்லைத் துடைக்காமல் ஈரத்தோடு ஒட்டியது. நம் எச்சிலிலேயே பெராக்சைடை உடைத்துப்போடுகிற என்சைம்கள் இருக்கின்றன, அதனால் ஈரத்தில் ஒட்டிய ஸ்ட்ரிப் வழுக்கிக்கொண்டும் போகும், வீரியமும் குறையும். மூன்றாவது, சீக்கிரம் ஆகட்டும் என்று அரை மணியை ஒரு மணியாக்கியது. ஈறு ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு வந்து எரிந்தது (ஓரிரு நாளில் தானாகச் சரியாகிவிட்டது, ஆனால் அந்த ஓரிரு நாள் ரசத்தை நினைத்தாலே பயம்).

எல்லாவற்றுக்கும் மேலான தப்பு, மார்கழியில் ஆரம்பித்தது. சமவெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது. பெராக்சைடு சில நிமிஷத்திலேயே பல்லுக்குள் இருக்கிற நரம்புக்கூழ் வரை போய்விடும், அது கொஞ்சம் எரிச்சல்பட்டு உட்காரும், அந்த நாட்களில் சில்லென்று எது பட்டாலும் பல்லுக்குள் மின்னல் வெட்டும். கோயம்புத்தூரில் இருந்தால் ஐஸ்கிரீமைத் தவிர்த்தால் போதும். இங்கே குழாயைத் திறந்தாலே ஐஸ்தான். ஊட்டியில் தலைக்குந்தா பக்கம் புல் மேல் உறைபனி உப்பு மாதிரி பூத்துக் கிடக்கிற காலம், குன்னூர் அவ்வளவு மோசமில்லை என்றாலும் விடிகாலையில் வாயைத் திறந்து மூச்சு விட்டால்கூட முன்பல் சுண்டி இழுத்தது. வாய் கொப்பளிக்கவே வெந்நீர் வைத்தேன். ஆறாவது நாள் வேலையில், கொதிக்கிற டிக்காஷனை உறிஞ்சி, உடனே பச்சைத் தண்ணீரில் வாய் அலசியபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் சாம்பிள் அவ்வளவு மோசமா என்று கேட்டார்.

பத்தாம் நாளோடு நிறுத்தினேன். கூச்சம் நாலைந்து நாளில் போய்விட்டது. பொதுவாக நிறுத்தினால் போய்விடும், அந்த வகையில் பயப்பட ஒன்றுமில்லை. அப்புறம்தான் பல் டாக்டரிடம் போனேன், முதலில் போயிருக்க வேண்டிய இடத்துக்குக் கடைசியில்.

அவர் வாயைப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "சார், உங்க மஞ்சளில் முக்கால்வாசி மஞ்சளே இல்லை, டீ." ஸ்கேலிங் செய்தார். அதிர்கிற முனையும் தண்ணீரும் வைத்துக் காரையைத் தட்டி எடுத்து, கடைசியில் ஒரு பசையை வைத்து மெருகேற்றுவது. நாற்பது நிமிஷம், எனக்கு 800 ரூபாய் ஆனது. எழுந்து கண்ணாடி பார்த்தால், பத்து நாள் ஸ்ட்ரிப் ஒட்டிக் கிடைக்காத வித்தியாசம் அங்கே இருந்தது. பென்சில் கோட்டைக் காணோம்.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், எனாமல் போய்விடும் என்று எங்கள் பக்கம் நிறையப் பேர் சொல்வார்கள், என் அம்மா உட்பட. நடப்பது வேறு. ஈறு இறங்கி, எலும்பு தேய்ந்து ஏற்கெனவே ஆடத் தொடங்கிய பல்லைக் காரைதான் சிமெண்ட் மாதிரி பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரியவருகிறது. பழி சுத்தம் செய்தவர் மேல் விழுகிறது.

இன்னொன்றும் அங்கே தெரிந்தது. ஈறில் ரத்தம் வருகிறது என்று நானாகவே மருந்துக் கடையில் குளோர்ஹெக்சிடின் வாய்கொப்பளிப்பானை வாங்கி மாதக்கணக்கில் உபயோகித்துக்கொண்டிருந்தேன். அது பல்லில் பழுப்புக் கறை ஏற்றுகிற மருந்து, அதோடு டீயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மருந்து நல்லதுதான், டாக்டர் சொன்ன நாளுக்கு மட்டும்.

ஆக, எதை வாங்கலாம் என்று பார்ப்பதற்கு முன், உங்கள் பல்லில் இருப்பது எந்த மஞ்சள் என்று பார்க்க வேண்டும். டீ, காபி, வெற்றிலை, பீடி எல்லாம் வெளிக்கறை. எச்சில் பல் மேல் போடுகிற மெல்லிய படலத்தில் டீயின் துவர்ப்புச் சத்தான டானின் ஒட்டிக்கொள்வதால் வருவது, சுத்தம் செய்தாலே பெரும்பாலும் போகும். (பால் சேர்த்தால் பாலில் உள்ள கேசின் என்ற புரதம் அந்த டானினைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு நாலு டம்ளர் பால் டீயும் வர்க்கியுமாக இருக்கிற என் மனைவிக்கு என் அளவுக்குக் கறை இல்லாததன் ரகசியம் அதுதான் என்று நினைக்கிறேன்.) வயதாக ஆக எனாமல் தேய்ந்து உள்ளே இருக்கிற டென்டினின் மஞ்சள் வெளியே தெரிவது இன்னொரு ரகம். பெராக்சைடுக்கு நன்றாக மசிவது இதுதான். சின்ன வயதில் டெட்ராசைக்ளின் மாத்திரை சாப்பிட்டதால் வருகிற சாம்பல் நிறம் லேசில் வெளுக்காது, மாதக்கணக்கில் ஆகும். அடிபட்டு ரூட் கெனால் செய்த ஒற்றைப் பல் கறுத்திருந்தால் வெளியே எதை ஒட்டியும் பெரிய பலன் இருக்காது, டாக்டர் அந்தப் பல்லின் உள்ளே மருந்து வைத்து வெளுக்கிற வேலை அது. கேப் (செயற்கை உறை) போட்ட பல், நிறப் பசையால் அடைத்த பல் இரண்டும் எந்த ஸ்ட்ரிப்புக்கும் நிறம் மாறாது.

வீட்டு வைத்தியங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். கரி, சாம்பல், உப்பு எல்லாம் கறையோடு எனாமலையும் அராவும். கரி போட்ட பேஸ்ட்டுக்கும், விலை எவ்வளவு போட்டிருந்தாலும், இதே பதில். எலுமிச்சை இன்னும் மோசம். எனாமல் கரையத் தொடங்குவது பிஎச் (அமிலக் கணக்கு, எண் குறையக் குறைய புளிப்பு அதிகம்) 5.5 வாக்கில், எலுமிச்சைச் சாறு இரண்டு, மூன்றுக்குள் இருக்கும். எனாமல் கரைந்தால் டென்டின் தெரியும், டென்டின் மஞ்சள், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சமையல் சோடா மட்டும் இந்தக் கூட்டத்தில் கொஞ்சம் சாது, மென்மையான தூள், வெளிக்கறையை ஓரளவு எடுக்கும். நீல நிறம் சேர்த்த பேஸ்ட் சில வருகிறது, அது துணிக்கு நீலம் போடுகிற தந்திரம்தான், சில மணி நேரம் வெள்ளை மாதிரித் தெரியும்.

சரி, நிஜப் போட்டி மூன்றுக்குள்தான். ஸ்ட்ரிப், டாக்டர் அளவெடுத்துத் தருகிற ட்ரே, கிளினிக்கில் ஒரே உட்காரலில் முடிப்பது.

கிளினிக் வழியில் போடுவது 25ல் இருந்து 40 சதவீதம் வரை வீரியமுள்ள பெராக்சைடு. ஈறில் பட்டால் புண்ணாகும் என்பதால் முதலில் ஈறு மேல் ஒரு பாதுகாப்புப் பூச்சுப் போட்டு, பிறகு ஜெல் தடவி, பெரும்பாலும் ஒரு நீல விளக்கையும் காட்டுவார்கள். அந்த விளக்கால் பெரிதாகக் கூடுதல் பலன் இல்லை என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன. ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், அதுதான் இதன் ஒரே பெரிய வசதி. ஆனால் நாற்காலியை விட்டு எழுந்ததும் தெரிகிற வெள்ளையில் ஒரு பங்கு பல் வறண்டு போனதால் வருவது. பல் மறுபடி ஈரம் பிடிக்கப் பிடிக்க ஒன்றிரண்டு வாரத்தில் நிறம் கொஞ்சம் கீழே இறங்கும். கூச்சமும் மற்ற இரண்டையும்விட அதிகம். எங்களுக்குக் கோவையில் சொன்ன விலை பன்னிரண்டாயிரம், அதற்கு மேல் மேட்டுப்பாளையம் மலைப்பாதை இறங்கி ஏறுகிற செலவு. நாளை மறுநாள் நிச்சயதார்த்தம் என்றால் யோசிக்கலாம், மற்றபடி எனக்கு இதில் ஆர்வம் வரவில்லை.

ட்ரே என்பது இதில் பழசு, ஆனால் எனக்கு மரியாதை உள்ள வழி. அமெரிக்காவில் ஹேவுட், ஹேமன் என்ற இரண்டு பல் மருத்துவர்கள் 1989ல் இதை எழுதி வெளியிட்டார்கள். பல்லுக்கு அச்சு எடுத்து, அதே அளவில் மெல்லிய பிளாஸ்டிக் உறை செய்து, அதில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லைத் துளி துளியாக வைத்து ராத்திரி மாட்டிக்கொண்டு தூங்குவது. அந்த 10 சதவீதத்தைப் பார்த்து மிரள வேண்டாம், அது வாயில் உடைந்து தருவது சுமார் 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுதான், மீதி யூரியா. மெதுவாக, மணிக்கணக்கில் வேலை செய்யும். இரண்டு மூன்று வாரம் ஆகும். உங்கள் பல்லின் அளவுக்கே செய்தது என்பதால் மேடு பள்ளம் எல்லா இடத்திலும் ஜெல் படும், ஈறில் வழிவது குறைவு. கூச்சம் வந்தால் ஒரு ராத்திரி விட்டு ஒரு ராத்திரி என்று மாற்றிக்கொள்ளலாம், அதே ட்ரேயில் கூச்சத்துக்கான பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட்டையும் வைக்கலாம். ட்ரே பத்திரமாக இருந்தால் அடுத்த தடவை ஜெல் மட்டும் வாங்கினால் போதும்.

ஸ்ட்ரிப்புக்கு வருவோம். இதில் மலிவு உண்டு, டாக்டர் தேவையில்லை, எவர் கண்ணிலும் படாமல் ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே முடிக்கலாம். எனாமல் நல்லபடி இருந்து, பல் வரிசை நேராக இருந்து, காரை எடுத்த பிறகு, சொன்ன நேரத்துக்கு மட்டும் ஒட்டினால் ஸ்ட்ரிப் நிஜமாகவே வேலை செய்யும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது எல்லார் வாய்க்கும் ஒரே அளவில் வெட்டிய நாடா. முன்னால் ஆறு, எட்டுப் பல்லோடு நின்றுவிடும். அகலமாகச் சிரிக்கிறவர்களுக்குக் கோரைப்பல்லுக்குப் பின்னால் நிறம் மாறுகிற எல்லைக்கோடு தெரியும். தெத்துப்பல் இருந்தால் நாடா அதன் மேல் பாலம் மாதிரி நிற்கும், இடுக்கில் படாது.

வாங்கும்போது இன்னொரு தலைவலி. நான் முதலில் வாங்கிய டப்பாவில் பெராக்சைடு எத்தனை சதவீதம் என்றே போடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கடையில் நேரடியாக விற்கவே முடியாது, அதற்கு மேல் 6 சதவீதம் வரை பல் டாக்டர் வழியாகத்தான், 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கிடையாது. அமெரிக்கச் சரக்கில் அதைவிட வீரியமானதும் கடையிலேயே கிடைக்கிறது. சதவீதம் போடாத டப்பாவை நான் இப்போது தொடுவதில்லை. பெராக்சைடு இல்லாதது என்று விளம்பரம் செய்கிற ஸ்ட்ரிப்களில் பெரும்பாலும் பிஏபி என்ற வேறொரு அமிலம் இருக்கும். கூச்சம் குறைவு என்கிறார்கள், ஆனால் பெராக்சைடுக்கு இருக்கிற அளவுக்கு அதற்கு நீண்ட கால ஆய்வு கிடையாது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார்கள் இந்த வேலையையே தள்ளிப்போடுவது நல்லது. சொத்தைப் பல் இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜெல் நேராக நரம்புக்குப் போகும்.

இப்போது எங்கள் மூன்று பேர்.

கல்யாணப் பெண் என் சித்தப்பா மகள், கோத்தகிரி. "அண்ணா, நீங்க வாங்கின அதே ஸ்ட்ரிப்பை எனக்கும் வாங்கிக் குடுங்க, உங்களுக்கு வெளுத்திருக்கே" என்றாள். எனக்கு வெளுத்தது ஸ்கேலிங்கில் என்று சொல்லி நம்ப வைக்கவே ஒரு வாரம் ஆனது. அவளுக்கு மேல் வரிசையில் ஒரு தெத்துப்பல், முன்பல் ஒன்றில் பள்ளி நாளில் விழுந்து உடைந்த முனைக்குப் பசை வைத்து அடைத்தது. ஸ்ட்ரிப்புக்கு இரண்டுமே ஆகாது. ட்ரே என்று முடிவானது. நாள் கணக்குதான் இதில் முக்கியம். பல் வெளுத்தால் அந்த அடைத்த முனை மட்டும் பழைய நிறத்தில் தனியாகத் தெரியும், அதை எடுத்துவிட்டுப் புது நிறத்துக்குப் பொருத்தமாக மறுபடி வைக்க வேண்டும். ஆனால் வெளுத்த உடனே வைத்தால் பல்லில் தங்கியிருக்கிற ஆக்சிஜன் காரணமாகப் பசை சரியாகப் பிடிக்காது, நிறமும் இன்னும் நிலைக்கு வந்திருக்காது, இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். ஸ்கேலிங், மூன்று வாரம் ட்ரே, இரண்டு வாரம் சும்மா, அப்புறம் முனை. தை முகூர்த்தத்துக்கு ஐப்பசியிலேயே ஆரம்பித்தோம், பனி இறங்குவதற்குள் ட்ரே வேலை முடிந்தது. இரண்டு ராத்திரி கூச்சம் என்று விட்டாள், அவ்வளவுதான். மொத்தம் ஏழாயிரத்துச் சொச்சம்.

என் மனைவி தர்மபுரிப் பக்கம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊர், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. பல் உருவாகிற வயதில் அதைக் குடித்து வளர்ந்ததால் பல்லில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டும் ஒன்றிரண்டு பழுப்புப் புள்ளியும் உண்டு. என் மிச்ச ஸ்ட்ரிப்பை அவளுக்குக் கொடுக்க இருந்தேன், நல்லவேளை கொடுக்கவில்லை. ஸ்ட்ரிப் போட்டால் திட்டும் சேர்ந்து வெளுத்து, ஆரம்பத்தில் இன்னும் எடுப்பாகத் தெரியுமாம். லேசான அமிலமும் தூளும் கலந்து எனாமலின் மேல்தோலை மிகக் கொஞ்சமாகத் தேய்த்தெடுக்கிற ஒரு முறை இருக்கிறது, பழுப்புப் புள்ளிக்கு அது கேட்கும் என்றார் டாக்டர். அவள் புள்ளி இருந்த இரண்டு பல்லுக்கு மட்டும் அதைச் செய்துகொண்டாள். வெள்ளைத் திட்டு இருக்கட்டும், அது ஊர் அடையாளம் என்று விட்டுவிட்டாள்.

நான் இரண்டாவது தடவை ஸ்ட்ரிப்பையே எடுத்தேன், சதவீதம் போட்டிருந்த டப்பாவாகப் பார்த்து. என் பல் வரிசை நேர், அடைப்பு எதுவும் முன்பக்கம் இல்லை, ட்ரேக்குக் கொடுக்க மனசும் இல்லை. ஆனால் சித்திரையில், குழாய்த் தண்ணீர் கையைக் கடிக்காத காலத்தில். அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட். மறுபடி ஸ்கேலிங். ராத்திரி சாப்பிட்டுப் பல் துலக்கி, பஞ்சுத் துணியால் பல்லை ஒற்றி எடுத்து, கடிகாரம் வைத்து அரை மணி. ஸ்ட்ரிப் எடுத்த பிறகு சில மணி நேரம் டீ கூடாது என்றார்கள், தூங்கப் போகிறவனுக்கு அது சிரமமில்லை. பன்னிரண்டு நாளில் திருப்தியாகி நிறுத்தினேன். விளம்பரப் பல் இல்லை. டாக்டர் கையில் வைத்திருக்கிற பதினாறு நிறப் பல் வரிசையில் மூன்று படி மேலே ஏறியிருக்கிறது என்றார். ஒரே குறை, அத்தனை பிளாஸ்டிக் நாடாவும் குப்பைக்குப் போனது. தண்ணீர் பாட்டிலுக்கே சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டுகிற மாவட்டத்தில் அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

மறுநாள் காலை வழக்கம் போல நூற்றிருபது கோப்பை. எப்படியும் வருஷத்துக்குள் மஞ்சள் திரும்பும், என் பிழைப்பு அப்படி. இப்போது ஒவ்வொரு வரிசை முடிந்ததும் ஒரு வாய் வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளித்துத் துப்புகிறேன், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஸ்கேலிங் போகிறேன். அலமாரியில் இரண்டு நாள் ஸ்ட்ரிப் மீதி இருக்கிறது. மச்சான் கேட்டுக்கொண்டே இருக்கிறான், முன்பல்லில் கேப் போட்டவன் அவன்.